27 நாடுகளுக்கு ஒரே நாடாளுமன்றம்... பாதிப் பேர் ஓட்டே போடுவதில்லை ஏன்? பெண்ணாடம் கணக்கோடு ஒரு விளக்கம்

கடலூர் மாவட்டம் பெண்ணாடத்தில் ஒருவரிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது என்றால், அவருக்கு மூன்று தேர்தல்கள் உண்டு. பேரூராட்சி வார்டு கவுன்சிலர், திட்டக்குடி தொகுதி எம்.எல்.ஏ., கடலூர் தொகுதி எம்.பி. அவ்வளவுதான். டெல்லிக்கு மேலே வேறு தேர்தல் கிடையாது.

சும்மா ஒரு கற்பனை. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் உட்பட 8 நாடுகள் இருக்கும் சார்க் அமைப்புக்கு ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சார்க் தலைமைச் செயலகம் இருக்கும் காத்மாண்டுவுக்கு உறுப்பினரை அனுப்ப, பெண்ணாடத்தில் வாக்குச்சாவடி போட்டால் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்? 'அங்க போய் அவரு நமக்கு என்ன செய்யப் போறாரு?' என்று கேட்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

சார்க்குக்கு அப்படி ஒரு நாடாளுமன்றம் இல்லை. ஆனால் ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே மக்கள் 1979 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுருக்கமாக:

• ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 2024 ஜூன் 6 முதல் 9 வரை தேர்தல் நடந்தது. பதிவான வாக்குகள் 50.74 சதவீதம்.
• அதே நாடுகளில் சொந்த நாட்டுத் தேர்தல் என்றால் கூட்டம் அள்ளுகிறது.
• தமிழ்நாட்டில் எம்.பி. தேர்தலுக்கும் எம்.எல்.ஏ. தேர்தலுக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை.
• ஆனால் நம்ம ஊரிலும் ஒரு தேர்தலில் பெரிய ஓட்டை இருக்கிறது. அது எது என்று கீழே பார்க்கலாம்.

முதல்ல, இது என்ன நாடாளுமன்றம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது 27 நாடுகள் இருக்கின்றன. மொத்தம் 720 உறுப்பினர்கள். ஜெர்மனிக்கு 96 இடங்கள், பிரான்ஸுக்கு 81, இத்தாலிக்கு 76. மால்டா, லக்சம்பர்க், சைப்ரஸ் போன்ற குட்டி நாடுகளுக்குத் தலா 6. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் என்று இரண்டு ஊர்களில் கூடுகிறது.

2024-ல் சுமார் 18 கோடி பேர் ஓட்டுப் போட்டார்கள். அதே ஆண்டு நம் மக்களவைத் தேர்தலில் 64 கோடி பேர் வாக்களித்தார்கள். ஒரே தேர்தலில் இவ்வளவு பேர் வாக்களிப்பதில் இந்தியாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்று சொல்வார்கள்.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நம் மக்களவையில் பெரும்பான்மை கிடைத்த கட்சி அல்லது கூட்டணி ஆட்சி அமைக்கும். ஓட்டு எண்ணும் அன்று சாயங்காலமே 'யார் பிரதமர்' என்று தெரிந்துவிடும். அங்கே அப்படி இல்லை. ஐரோப்பிய ஆணையம்தான் அரசு மாதிரி. அதன் தலைவர் பெயரை நாட்டுத் தலைவர்கள் முன்மொழிய, நாடாளுமன்றம் ஓட்டெடுப்பு நடத்தித் தேர்வு செய்யும். 2024 ஜூலை 18 அன்று உர்சுலா வான் டெர் லெயன் 401 வாக்குகள் பெற்று இரண்டாவது முறை தேர்வானார். சட்ட முன்மொழிவைக் கொண்டுவருவதும் ஆணையம்தான். நாடாளுமன்றம் அதைத் திருத்தலாம், ஏற்கலாம், தள்ளலாம்.

அதாவது அதிகாரம் இருக்கிறது. ஆனால் 'நான் போட்ட ஓட்டுல இவரு வந்தாரு' என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு முகம் இல்லை.

எத்தனை பேர் வர்றாங்க?

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்களில் பதிவான வாக்கு சதவீதம் இது:

• 1979: 61.99
• 1984: 58.98
• 1989: 58.41
• 1994: 56.67
• 1999: 49.51
• 2004: 45.47
• 2009: 43-க்குச் சற்றுக் கீழே
• 2014: 42.61
• 2019: 50.66
• 2024: 50.74

35 ஆண்டுகள் இறங்குமுகம். 2019-ல்தான் மீண்டும் பாதியைத் தாண்டியது. அந்த ஆண்டு 25 வயதுக்குக் குறைந்தவர்களிடையே வாக்களித்தோர் விகிதம் 14 புள்ளிகள் கூடியதாக, நாடாளுமன்றமே தேர்தலுக்குப் பின் நடத்திய கருத்துக்கணிப்பு சொன்னது.

நாடுவாரியாகப் பார்த்தால் வித்தியாசம் மலைக்க வைக்கும். 2024-ல் பெல்ஜியத்தில் 89 சதவீதம். குரோஷியாவில் 21 சதவீதம். 2014-ல் ஸ்லோவாக்கியாவில் 13 சதவீதம்தான். நூறு பேர் இருக்கும் தெருவில் 87 பேர் வீட்டை விட்டே வரவில்லை என்று அர்த்தம்.

அரசியலே பிடிக்காதவங்களா அவங்க?

இல்லை. குரோஷியாவில் 2024 ஏப்ரல் 17 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. 62 சதவீதம் பேர் வந்தார்கள். ஏழே வாரம் கழித்து ஐரோப்பியத் தேர்தல். அதே மக்கள், அதே கட்சிகள். வந்தது 21 சதவீதம்.

பிரான்ஸிலும் இதே கதை. 2024 ஜூன் 9 ஐரோப்பியத் தேர்தலில் 51 சதவீதம். அன்று இரவே அதிபர் மக்ரோன் சொந்த நாட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஜூன் 30 அன்று நடந்த முதல் சுற்றில் 66 சதவீதத்துக்கும் மேல். மூன்று வாரத்தில் 15 புள்ளிகள் ஏறிவிட்டது.

ஆக, மக்களிடம் குறைந்தது அக்கறை இல்லை. 'இந்தத் தேர்தல்ல ஏதாவது மாறுமா' என்ற நம்பிக்கைதான் குறைந்தது.

1979 தேர்தலை ஆராய்ந்த கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் 1980-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'இரண்டாம் நிலைத் தேர்தல்' என்று சொல்லலாம். நாட்டை ஆள்வது யார் என்று முடிவு செய்வது முதல் நிலைத் தேர்தல். மற்றதெல்லாம் மக்கள் மனதில் இரண்டாம் இடம். அப்படிப்பட்ட தேர்தலில் மூன்று விஷயம் நடக்கும் என்றார்கள்:

• வாக்குப்பதிவு குறையும்.
• ஆளுங்கட்சி அடி வாங்கும். அதுவும் ஆட்சியின் நடுக்காலத்தில் நடந்தால் அடி பலமாக இருக்கும்.
• சின்னக் கட்சிகளுக்கும் புதிய கட்சிகளுக்கும் லாபம்.

45 ஆண்டுகள் ஆகியும் இந்த விளக்கத்தைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் முதலில் எடுக்கிறார்கள்.

சதவீதம் இறங்கினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு

மார்க் ஃபிராங்க்ளின் என்ற அரசியல் அறிஞர் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தார். 1979-ல் இருந்தது 9 நாடுகள். அதில் பெல்ஜியம், லக்சம்பர்க், இத்தாலி ஆகிய மூன்றிலும் வாக்களிப்பது கட்டாயக் கடமை. பிறகு நாடுகள் சேரச் சேர, கட்டாயம் இல்லாத நாடுகளின் பங்கு கூடியது. இத்தாலி 1993-ல் கட்டாயத்தைக் கைவிட்டது. அங்கே 1979-ல் 85 சதவீதம், 2024-ல் 50-க்கும் கீழே.

2004 மே 1 அன்று 10 நாடுகள் ஒரே நேரத்தில் சேர்ந்தன. அடுத்த மாதமே தேர்தல். போலந்தில் 21 சதவீதம், ஸ்லோவாக்கியாவில் 17 சதவீதம். மொத்தக் கணக்கை இந்த எண்கள் இழுத்துப் பிடித்தன. பழைய வாக்காளர் ஓட்டை நிறுத்தியதால் மட்டும் சராசரி விழவில்லை. கணக்கில் புதிதாக வந்தவர்களாலும் விழுந்தது.

வர்றவங்க யாருக்குப் போடுறாங்க?

சுவாரசியமே இங்கேதான். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தபோது நடந்ததைப் பாருங்கள்.

2014 ஐரோப்பியத் தேர்தலில், ஒன்றியத்தை விட்டு வெளியேறணும் என்று கேட்ட யுகிப் கட்சி 24 இடங்களுடன் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு பிரிட்டன் பொதுத்தேர்தலில் அதே கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம்.

2019 மே மாதம், தொடங்கிச் சில மாதங்களே ஆன பிரெக்சிட் கட்சி 29 இடங்களை வென்றது. ஆட்சியில் இருந்த கன்சர்வேடிவ் கட்சிக்கு வெறும் 4. அதே டிசம்பரில் பொதுத்தேர்தல். கன்சர்வேடிவுக்கு 365 இடங்கள், பிரெக்சிட் கட்சிக்குப் பூஜ்ஜியம்.

இதற்குத் தேர்தல் முறையும் ஒரு காரணம். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு விகிதாசார முறை. 10 சதவீதம் ஓட்டு வாங்கினால் ஏறக்குறைய 10 சதவீத இடங்கள். பிரிட்டன் பொதுத்தேர்தலோ நம்ம ஊர் மாதிரி, தொகுதியில் முதலிடம் வந்தவருக்கே வெற்றி. ஆனால் அதையும் தாண்டி, 'இது நம்ம ஆட்சியை மாத்தாது, கோபத்தை இங்க காட்டிடலாம்' என்ற மனநிலை தெளிவாகத் தெரிகிறது.

அந்தக் கோபத்துக்கு விலை இல்லாமல் போகவில்லை. யுகிப்பின் 2014 வெற்றி தந்த அழுத்தத்துக்குப் பின்னால்தான் 2016 பொதுவாக்கெடுப்பு வந்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே வெளியேறியது. 'சும்மா' போட்ட ஓட்டு சும்மா போகவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம்

டெல்லி பெண்ணாடத்திலிருந்து ரொம்ப தூரம். சென்னை பக்கம். அப்படியானால் எம்.பி. தேர்தலில் கூட்டம் குறைய வேண்டும் இல்லையா?

• 2009 மக்களவை: சுமார் 73 சதவீதம். 2011 சட்டமன்றம்: சுமார் 78.
• 2014 மக்களவை, 2016 சட்டமன்றம்: இரண்டுமே 73-லிருந்து 75-க்குள்.
• 2019 மக்களவை: 72-ஐத் தாண்டியது. 2021 சட்டமன்றம்: 73-ஐ ஒட்டி.
• 2024 மக்களவை: 69.72.

2011-ஐ விட்டால், இடைவெளி ஒன்றிரண்டு புள்ளிதான். குரோஷியாவில் நாம் பார்த்த 40 புள்ளிப் பள்ளம் இங்கே இல்லை.

காரணம் தேடி அலைய வேண்டாம். எம்.பி. தேர்தலிலும் அதே சின்னம், அதே கொடி, அதே கூட்டணி, வீடு தேடி வரும் அதே வட்டச் செயலாளர். பிரதமர் யார் என்ற கேள்வியும் முன்னால் நிற்கிறது. அதனால் டெல்லி தூரமாக இருந்தாலும், டெல்லித் தேர்தல் நம்ம தெருத் தேர்தலாகவே நடக்கிறது. ஐரோப்பாவில் கட்சிகளே இந்தத் தேர்தலுக்குப் பணத்தையும் ஆளையும் குறைவாகத்தான் இறக்குகின்றன.

தமிழ்நாட்டு வாக்காளர் எது எதற்கான ஓட்டு என்று பிரித்துப் போடத் தெரிந்தவர் என்பதற்கு 2019 ஒரு நல்ல உதாரணம். ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலுடன் 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். மே 19 அன்று மேலும் 4 தொகுதிகளுக்கு. மக்களவையில் தி.மு.க. கூட்டணி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அள்ளியது, அ.தி.மு.க.வுக்குத் தேனி மட்டும். ஆனால் இடைத்தேர்தல் நடந்த 22-ல் அ.தி.மு.க. 9 இடங்களைப் பிடித்தது. எடப்பாடி பழனிசாமி ஆட்சி தப்பியது. ஒரே சாவடி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மிஷின், இரண்டு விதமான முடிவு.

இன்னொரு வித்தியாசம். ஐரோப்பாவில் இரண்டாம் நிலைத் தேர்தல் என்றால் ஆளுங்கட்சிக்கு அடி. தமிழ்நாட்டில் இடைத்தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் என்றால் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்குத்தான் கை ஓங்கும். 2022-ல் 21 மாநகராட்சிகளையும் தி.மு.க. கூட்டணி பிடித்தது. 'ஆட்சியில இருக்கறவங்க ஆளு வந்தாத்தான் ரோடு வரும், தண்ணி வரும்' என்பது இங்கே நிலவும் கணக்கு. கோபத்தைக் காட்டுவதைவிட வேலை நடப்பது முக்கியம் என்று நினைக்கிறார் நம் வாக்காளர்.

அப்போ நம்ம ஊர் ஓட்டை எது?

பக்கத்தில் இருக்கும் தேர்தலுக்குக் கூட்டம் வரும் என்று நினைத்தால், அதுவும் முழு உண்மை இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கணக்கு இது:

• பேரூராட்சிகள்: 74.68 சதவீதம்
• நகராட்சிகள்: 68.22
• மாநகராட்சிகள்: 52.22
• சென்னை மாநகராட்சி: 43.6-ஐ ஒட்டி

பெண்ணாடம் மாதிரியான பேரூராட்சிகளில் நான்கில் மூன்று பேர் வந்தார்கள். சென்னையில் பாதிகூட வரவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலின் மிக மோசமான ஆண்டான 2014-ஐ ஒட்டிய எண் அது. கிராமங்களைப் பார்த்தால், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் கடலூர் உட்பட 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் முதல் கட்டத்தில் 76.19, இரண்டாம் கட்டத்தில் 77.73 சதவீதம்.

சென்னைவாசிக்கு அவர் வார்டு கவுன்சிலர் ஆபீஸ் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கும். ஆனால் கவுன்சிலர் யார் என்றே பலருக்குத் தெரியாது. பேரூராட்சி வார்டில் சில நூறு ஓட்டுகள்தான். வேட்பாளர் சொந்தக்காரராக இருப்பார், இல்லை என்றால் பள்ளியில் கூடப் படித்தவராக இருப்பார். பத்து ஓட்டில் முடிவே மாறிவிடும். 'நான் போகலைன்னா தெரியும்' என்ற எண்ணம் இருக்கும் இடத்தில் வரிசை நீளுகிறது.

2024 மக்களவைத் தேர்தலிலும் இதே கதைதான். தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல், மத்திய சென்னையில் சுமார் 54. ஆக, வாக்காளர் அளக்கும் தூரம் கிலோமீட்டரில் இல்லை. ஓட்டுக்கும் விளைவுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. வாக்காளர் பட்டியலில் இறந்தவர், வீடு மாறியவர் பெயர்கள் நீக்கப்படாமல் இருந்தால் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆள் அடிக்கடி வீடு மாறும் பெருநகரங்களில் இந்தச் சிக்கல் அதிகம்.

கட்டாயம் ஆக்கிட்டா சரியாயிடுமா?

பெல்ஜியத்தில் 1893 முதலே வாக்களிப்பது கட்டாயம். போதாக்குறைக்கு 2024-ல் அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடந்தது. 89 சதவீதத்தின் ரகசியம் அதுதான். ஆனால் கிரேக்கத்திலும் சட்டப்படி கட்டாயம் உண்டு. தண்டனை யாருக்கும் விதிக்கப்படுவதில்லை. 2024-ல் வந்தது 41 சதவீதம். ஏட்டில் இருக்கும் கட்டாயம் சாவடிக்கு ஆளைக் கொண்டுவராது.

நம் நாட்டில் குஜராத் இதை முயன்றது. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு 2014-ல் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2015-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

பக்கத்துப் புதுச்சேரியில இருந்தே இந்த ஓட்டு உண்டு!

கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, அங்கிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள 6 மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்வு செய்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாழ்கிறார்கள். பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் இவர்களுக்கும் வாக்குரிமை உண்டு.

2024 ஏப்ரல் 19 அன்று புதுச்சேரி மக்களவைத் தொகுதியில் 78 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு. அதே தெருவில் இருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு அன்று ஓட்டு இல்லை. அவர் முறை ஜூன் 9-ல் வந்தது.

இப்போது பெண்ணாடத்திலிருந்து துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவரை நினைத்துப் பாருங்கள். இந்தியக் குடியுரிமை இருந்தால் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். 2010 சட்டத் திருத்தம் அந்த உரிமையைத் தந்தது. ஆனால் ஓட்டுப் போட விமானம் ஏறி சொந்த ஊர் சாவடிக்கே வரணும். 2024-ல் நாடு முழுக்கப் பெயர் பதிந்த வெளிநாடு வாழ் வாக்காளர்கள் சுமார் 1.19 லட்சம் பேர். வந்து வாக்களித்தவர்கள் 3,000-க்கும் குறைவு. இவர்களையும் 'அக்கறை இல்லாதவர்கள்' கணக்கில் சேர்க்க முடியுமா? ஓட்டுப் போடுவதற்கு ஆகும் செலவும் வாக்குப்பதிவைத் தீர்மானிக்கிறது.

ஐரோப்பாவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் கவனிக்க: ஒன்றிய நாடு ஒன்றின் குடிமகன், வேறு ஒன்றிய நாட்டில் வசித்தால் அங்கேயே பதிவு செய்து இந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் ஜெர்மனியில் இருந்தால் ஜெர்மனி வேட்பாளர் பட்டியலுக்கே ஓட்டுப் போடலாம். நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை, அதனால் அந்த நாடுகளின் குடியுரிமை மட்டும் இருந்தால் ஓட்டு இல்லை. லண்டன் தமிழர்களுக்கு 2019-உடன் இந்த ஓட்டு முடிந்துபோனது. அதுவரை காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், அங்கே வசித்த இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள்கூட அதில் வாக்களித்தார்கள்.

யாரோ ஓட்டு போடலைன்னா நமக்கென்ன?

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2023 ஏப்ரலில் ஒரு சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்ற பொருட்களைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பனுக்கு, இறக்குமதி செய்பவரிடம் கட்டணம் வசூலிக்கும் சட்டம் அது. 2026 ஜனவரி 1 முதல் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்திய எஃகு, அலுமினியம் ஏற்றுமதியாளர்களின் பெரிய கவலை இதுதான். இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொள்ளும் எந்த வர்த்தக ஒப்பந்தமும் அமலுக்கு வர இதே நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும்.

குரோஷியாவில் 100-ல் 79 பேர் வீட்டிலேயே இருந்தாலும், அந்நாட்டின் 12 உறுப்பினர்கள் இந்த வாக்கெடுப்புகளில் கை தூக்கத்தான் போகிறார்கள். வாக்குப்பதிவு பாதியாகக் குறைந்தால் அதிகாரம் பாதியாகக் குறைவதில்லை. வந்த பாதிப் பேரின் கைக்கு முழுசாகப் போகிறது. சென்னையில் 43 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்த மாமன்றம்தான் 100 சதவீதம் பேருக்கும் சொத்துவரி போடுகிறது. அதே கணக்குதான் ஸ்ட்ராஸ்பர்க்கிலும்.

அடுத்து எப்போ?

அடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் 2029-ல். நம் மக்களவையின் 5 ஆண்டுப் பதவிக்காலமும் அந்த ஆண்டில்தான் முடிகிறது. இரண்டு முடிவும் வரும்போது, யார் ஜெயித்தார்கள் என்பதோடு இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2024-ல் ஐரோப்பா 50.74, தமிழ்நாடு 69.72. ஐரோப்பாவில் அந்த எண் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2014-க்குப் பிறகு ஒவ்வொரு மக்களவைத் தேர்தலிலும் இறங்கிக்கொண்டிருக்கிறது.